ஏத்துறதும் இறக்குறதும்

மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளில் புதன்கிழமை வருவதில்லை. தீபாவளிக்கு முந்தின நாள் வரும், தைப்பூசம் வரும், சாவு வீடு வரும். தோட்டத்தை விட்டு லாரியில் சாமான் ஏற்றிய நாள் தவறாமல் வரும். சும்மா ஒரு புதன்கிழமை, பள்ளிக்கூடம் உள்ள நாள், யாரும் சாகாத நாள், கதைக்குள் நுழைவது அபூர்வம். பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டின் ஒரு வாரத்தை நம் புனைவு எழுதியிருக்கிறதா என்ற கேள்வியோடு கைவசம் இருந்த தொகுப்புகளை மறுபடியும் வாசித்தேன். அங்கொரு பத்தி, இங்கொரு உரையாடல் என்று கிடைத்தது. முழு வாரம் கிடைக்கவில்லை.

கேள்வி எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். நான் பூச்சோங்கில் இருக்கிறேன். வீட்டில் மூன்று பிள்ளைகள். மூத்தவன் படிவம் 5, எஸ்பிஎம் வருடம். நடுவுள்ளவள் படிவம் 2, மதியப் பள்ளி. சின்னவன் தமிழ்ப்பள்ளியில் ஆண்டு 4. எங்கள் வட்டாரத்துப் பெற்றோர்கள் அதிகம் பயன்படுத்தும் வினைச்சொல் 'ஏத்துறது'. "இன்னிக்கு யாரு ஏத்துறது?" "நான் இறக்கிட்டேன், நீங்க ஏத்திக்குங்க." புதன் என்றால் புறப்பாட நடவடிக்கை, சனி என்றால் காலையில் டியூஷன். ஒருத்தி மதியப் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் இன்னொருவன் வீட்டுக்கு வருவான். டாமான்சாரா - பூச்சோங் நெடுஞ்சாலையில் டோலுக்கு முன்னால் வண்டிகள் நிற்கும்போது அந்த நாளின் கணக்கு முழுவதும் தப்பிப்போகும். 2016இல் எல்ஆர்டி ரயில் பூச்சோங்குக்கு வந்தது. ஆனால் ரயில் பள்ளி வாசலில் வந்து பிள்ளையை ஏத்தாது.

இது கதைக்கு ஆகாத விஷயம் என்றே பலரும் நினைக்கிறார்கள். அந்த நினைப்பு நமக்கு எப்படி வந்தது என்பதுதான் விமர்சனம் பார்க்க வேண்டிய இடம்.

தோட்ட இலக்கியத்துக்கு நேரத்தைச் சொல்லத் தெரிந்திருந்தது. விடியுமுன் பெரட்டுக்கு எல்லோரும் ஒரே இடத்தில் நிற்பார்கள். ஒரே நேரத்தில் மரம் வெட்டப் போவார்கள், ஒரே நேரத்தில் பால் நிறுக்க வருவார்கள். அம்மா மரத்தடியில் இருக்கும்போது பிள்ளை எங்கே இருக்கும் என்ற கேள்விக்கு ஆயாக் கொட்டகை என்று ஒரு பதில் இருந்தது. அது நல்ல பதிலா என்பது வேறு கேள்வி. ஆனால் அதற்கு ஒரு பெயர் இருந்தது, கூரை இருந்தது, அங்கே ஓர் ஆயா இருந்தார். எழுத்தாளர் ஒரு வீட்டின் காலையை எழுதினால் போதும், அது ஐம்பது வீட்டின் காலையாக ஆகிவிடும். துயரமும் பொதுவாக இருந்ததால் கதையும் பொதுவாக அமைந்தது.

பூச்சோங்கும் தோட்டம்தான். காசல்பீல்டு, கின்ராரா என்ற தோட்டப் பெயர்கள் இன்றும் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களாக இருக்கின்றன. பால்மரம் போய் தாமான் வந்தது. கூடவே பெரட்டும் போனது. இப்போது ஒரு வீட்டுக்குள்ளேயே நான்கைந்து கால அட்டவணைகள். மூன்று பிள்ளைகளுக்கு மூன்று, அப்பாவின் ஷிஃப்டுக்கு ஒன்று, அம்மாவின் ஆபீசுக்கு ஒன்று. இவற்றை ஒன்றோடொன்று மோதாமல் ஓட்டும் வேலை எந்த அட்டவணையிலும் எழுதப்படாத ஆறாவது வேலை. ஆயாக் கொட்டகையின் வேலை காணாமல் போகவில்லை. கூரையில்லாமல், பெயரில்லாமல் ஒரு ஆளின் தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

நகரத்தை எழுதியவர்கள் இல்லையா என்று கேட்கலாம். ரெ. கார்த்திகேசு படித்த நடுத்தர வர்க்கத்தை மரியாதையோடு எழுதியவர். அவருடைய மனிதர்கள் தர்க்கம் பேசுவார்கள், நோய்வாய்ப்படுவார்கள், முதுமையை எதிர்கொள்வார்கள். ம. நவீனின் 'சிகண்டி' கோலாலம்பூரின் சௌகிட்டுக்குள் இறங்கி, நாம் பார்க்க மறுக்கும் நகரத்தைக் காட்டியது. கே. பாலமுருகன் சிறுவர்களுக்கென்றே மர்ம நாவல்கள் எழுதியிருக்கிறார். இவை முக்கியமானவை. ஆனாலும் தோட்டத்துக்கும் சௌகிட்டுக்கும் நடுவில் ஒரு பெரிய நிலம் விடுபட்டிருக்கிறது. இன்று நம்மில் மிகப் பலர் வாழும் நிலம் அது. வறுமையின் உக்கிரமும் இல்லாமல், இருட்டின் கவர்ச்சியும் இல்லாமல், வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருக்கும் தாமான் வீடு.

குடும்பக் கதை நம்மிடம் நிறையவே இருக்கிறது என்று இன்னொருவர் சொல்வார். உண்மை. ஞாயிறு பதிப்புகளைத் திறந்தால் அம்மாவைப் பற்றிய கதை, கவிதைகளுக்குப் பஞ்சமில்லை. என் வருத்தமே அங்கேதான். அந்தக் கதைகளில் அம்மா என்ன செய்தாள் என்பது இருக்காது, எவ்வளவு பெரியவள் என்பது மட்டும் இருக்கும். 'தியாகம்' என்ற சொல் வந்ததும் மணிக்கணக்கு அழிந்துவிடுகிறது. கசானா ஆய்வுக் கழகம் 2019இல் வெளியிட்ட நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமில்லாத பராமரிப்பு வேலைக்கு ஆண்களைவிடப் பெண்கள் 60 விழுக்காட்டுக்கும் அதிகமான நேரம் செலவிடுவது தெரியவந்தது. ஓர் ஆய்வறிக்கை மணிக்கணக்கு பார்க்கிறது. வீட்டுக்குள் புகுந்து பார்க்க உரிமையுள்ள இலக்கியம் மாலை போட்டு விட்டுப் போய்விடுகிறது. அம்மாவைப் புகழ்வது அவளுடைய நேரத்தைக் கேட்காமல் இருப்பதற்கான நாகரிகமான வழி. அவள் எரிச்சல்படுவதும், ஒருநாள் வேண்டுமென்றே சிக்னலில் பச்சை விழுந்தும் நகராமல் உட்கார்ந்திருப்பதும் தியாகக் கதைக்குள் அடங்காது.

தமிழில் இதற்கு முன்மாதிரிகள் இருக்கின்றன. அசோகமித்திரனின் 'தண்ணீர்' (1973) சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தைக் குடம் குடமாக எழுதிய நாவல். ஜமுனாவின் துயரம் எவ்வளவு பெரிதானாலும் மறுநாள் காலையில் தண்ணீர் பிடித்தாக வேண்டும். பள்ளியில் வேலை பார்த்துவிட்டு வந்து நோயாளிக் கணவனையும் மாமியாரையும் பார்க்கும் டீச்சரம்மாவை அசோகமித்திரன் புகழ்வதில்லை, அவள் நாளைக் காட்டுகிறார். அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' அஜ்மீர் வீட்டுப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட இடத்தை அளந்து பார்த்தது. சல்மா 2004இல் எழுதிய நாவலின் தலைப்பிலேயே ஒரு நேரம் இருக்கிறது: 'இரண்டாம் ஜாமங்களின் கதை'. குடம், அறை, ஜாமம் என்று ஒவ்வொருவரும் ஓர் அளவுகோலைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

வெளியே பார்த்தால், சாந்தால் ஆக்கர்மான் 1975இல் எடுத்த 'ஜான் தியல்மன்' படம். பதின்ம வயது மகனுடன் வாழும் ஒரு விதவையின் மூன்று நாட்கள், மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும். முதல் நாள் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு அளவுக்கு மேல் வெந்துவிடுகிறது. அதற்கே நமக்குப் பதற்றம் வருகிறது, ஏனென்றால் அந்த ஒழுங்கு அவளுக்கு என்ன விலை என்று முதல் நாளே பார்த்துவிட்டோம். 2022இல் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழின் வாக்கெடுப்பில் இந்தப் படம்தான் முதலிடம். ஆனால் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஆக்கர்மானுக்கும் கடைசியில் ஒரு கொலை தேவைப்பட்டது. பூச்சோங்கில் புதன்கிழமைக்குப் பிறகு வியாழன் வருகிறது, அவ்வளவுதான். கொலை இல்லாத, வியாழக்கிழமை வந்தே தீரும் ஒரு கதையை எப்படி முடிப்பது? அந்தக் கஷ்டமான கேள்வியை எடுத்துக்கொள்ளும் எழுத்தாளருக்காகத்தான் காத்திருக்கிறேன்.

என் பங்குக்கு ஓர் அளவுகோலைச் சொல்கிறேன்: கார். எங்கள் வாழ்க்கையில் சமையலறை பாதி காருக்குள் வந்துவிட்டது. தாப்பாவ் பண்ணிய நாசி லெமாக் அங்கேதான் பிரிக்கப்படுகிறது, சட்டை அங்கேதான் மாற்றப்படுகிறது. பதின்ம வயதுப் பிள்ளைகள் வீட்டில் கதவைச் சாத்திக்கொள்வார்கள். காரில் கதவு சாத்தியே இருக்கிறது, ஆனால் உள்ளே இரண்டு பேர். இருவரும் முன்னால் பார்த்து உட்கார்ந்திருப்பதால் முகம் பார்க்க வேண்டியதில்லை. பிள்ளைகள் முக்கியமானதைச் சொல்வது பெரும்பாலும் அங்கேதான், அதுவும் இறங்குவதற்கு இரண்டு நிமிடம் முன்னால். "மா, நான் சயன்ஸ் எடுக்கல." கதவு சாத்தப்படும். பின்னால் நிற்கும் கார் ஹாரன் அடிக்கும். இதைவிட நாடகத்தன்மையான இடத்தை எந்தச் சிறுகதை ஆசிரியர் கேட்க முடியும்?

அடுத்து மொழி. அந்தக் காருக்குள் பேசப்படும் தமிழை நம் கதைகள் இரண்டு விதமாகக் கையாள்கின்றன. ஒன்று, துடைத்துச் சுத்தமாக்கி, பதினாறு வயதுப் பையனை வானொலி அறிவிப்பாளர் போலப் பேச வைப்பது. இல்லையென்றால், மொழி அழிந்துபோனதற்குச் சாட்சியாக அவனைக் கேலி செய்வது. "ஹோம்வர்க் சியாப்மா, கோச் இன்னும் விடல, ஆறரைக்கு ஏத்துங்க" என்று ஒரு பிள்ளை அனுப்பும் குரல்செய்தியில் மூன்று மொழிகள் இருக்கின்றன. பாசமும் இருக்கிறது, பசியும் இருக்கிறது. அதை அப்படியே கேட்கும் காது நம்மிடம் குறைவு.

இதில் பணயமாக இருப்பது சின்ன விஷயம் இல்லை. தேசிய இடைநிலைப்பள்ளியில் தாய்மொழி வகுப்பு வேண்டுமென்றால் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர்கள் கேட்க வேண்டும் என்கிறது 1996 கல்விச் சட்டம். அந்தப் பதினைந்து பேரைச் சேர்க்க அலைகிற பெற்றோர்களை, ஆசிரியர்களை எனக்குத் தெரியும். அப்படிச் சேர்ந்து, பள்ளி நேரம் முடிந்த பிறகும் உட்கார்ந்து தமிழ் படிக்கும் ஒரு பெண் கையில் கதைப் புத்தகத்தைக் கொடுக்கிறோம். அதில் அவள் பார்க்காத தோட்டம் இருக்கிறது. அவளுக்கு அது தெரிய வேண்டும், அது அவளுடைய பாட்டியின் உலகம். ஆனால் அவளுடைய வீடு எந்தப் பக்கத்திலும் இல்லையென்றால், தமிழ் என்பது பாட்டிக்கு நடந்ததைச் சொல்லும் மொழி என்று அவள் முடிவு செய்வாள். அந்த முடிவுக்கு அவளைக் குறை சொல்ல என்னால் முடியாது.

இது வசதியானவர்களின் புலம்பல், தோட்டத்துப் பசிக்கு முன்னால் இதெல்லாம் ஒரு துயரமா என்ற எதிர்வாதம் எனக்குத் தெரியும். நான் துயரப் போட்டிக்கு வரவில்லை. தோட்டத்தில் விடியுமுன் எழுந்த பெண்ணின் பேத்தி இன்றும் விடியுமுன்தான் எழுகிறாள். நடுவில் என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று எழுதினால் பாட்டியின் கதையும் கூடவே முழுமையாகும்.

இதை எழுத வேண்டியவர்களுக்குத்தான் நேரமே இல்லை என்பதும் தெரியும். அதனால் இதை அம்மாக்களிடம் மட்டும் கேட்கவில்லை. பின்சீட்டில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள், தம்பி தங்கைக்கு மேகி கிண்டிக் கொடுத்து டியூஷனுக்கு அனுப்பியவர்கள், இப்போது இருபது வயதில் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். அந்த வாரத்தை உள்ளிருந்து பார்த்தவர்கள் நீங்கள். எத்தனை மணிக்கு யார் எங்கே நின்றார்கள், யார் மறந்தார்கள், யார் மறக்காமல் இருந்தார்கள் என்று எழுதுங்கள். அம்மாவைத் தெய்வமாக்க வேண்டாம், அப்பாவைக் குடிகாரராக்கவும் வேண்டாம். திங்களில் ஆரம்பித்தால் போதும்.