விழித்திருத்தலின் வர்க்க முகம்: பன்யனின் யாத்திரிகனும் கிருஷ்ணபிள்ளையின் காவியமும்

சமய இலக்கியத்தை முற்போக்குத் திறனாய்வு பெரும்பாலும் இரு வழிகளில் எதிர்கொண்டு வந்துள்ளது. அபின் என்று கூறி ஒதுக்கிவிடுவது ஒன்று. அதனுட் காணப்படும் மனிதநேயப் பகுதிகளைப் பொறுக்கியெடுத்துக்கொண்டு எஞ்சியதை மறந்துவிடுவது மற்றொன்று. இரண்டுமே சோம்பலின் விளைவுகள். அபாயம் நெருங்கும்போது விசுவாசி உறங்கலாகாது என்னும் கிறிஸ்தவக் கட்டளையை எடுத்துக்கொள்வோம். கெத்செமனேத் தோட்டத்திலே சீடர்கள் உறங்கிப்போன இரவின் நினைவிலிருந்து பிறந்த கட்டளை அது. அதனைக் கேட்டவுடன் நாம் எழுப்பவேண்டிய வினாக்கள் எளியவை. அபாயம் யாருக்கு? அது எத்திசையிலிருந்து வருகின்றது? விழித்திருப்பவன் தனியனா, கூட்டத்தில் ஒருவனா? 1678இல் வெளிவந்த ஜோன் பன்யனின் யாத்திரிகன் கதையையும், அதனைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் வெளியிட்ட ‘இரட்சணிய யாத்திரிக’த்தையும் இவ்வினாக்களோடு அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பன்யன் (1628–1688) பாத்திரங்களுக்கு ஈயம் பூசித் திருத்தும் தொழிலாளியின் மகன். தாமும் அத்தொழிலே செய்தவர். உள்நாட்டுப் போரில் நாடாளுமன்றப் படையிற் பணியாற்றியவர். 1660இல் மன்னராட்சி மீண்டபோது அவரைப் போன்ற பாமரப் போதகர்களின் கூட்டங்கள் சட்டவிரோதமாயின. அவ்வாண்டு நவம்பரில் ஒரு சிற்றூரிற் போதிக்கச் சென்றவரிடம், கைதாணை பிறந்திருக்கின்றது என்று முன்கூட்டியே கூறப்பட்டது. தப்பிச் செல்ல நேரமிருந்தும் அவர் செல்லவில்லை. தாம் ஓடினால் புதிதாய் மனந்திரும்பியோர் அஞ்சிச் சிதறுவர் என்பதே அவர் பின்னர் எழுதிவைத்த நியாயம். எனவே இங்கு விழிப்பு என்பது அபாயத்தை முன்னறிந்து ஒதுங்கும் சாமர்த்தியமன்று. முன்னறிந்தபின் யாரை விட்டுப் போகக்கூடாது என்பதை அறிதலாகும். பன்னிரண்டு ஆண்டுகள் பெட்ஃபோட் சிறையிற் கழிந்தன. காலணி நாடாக்கள் முடைந்து குடும்பத்துக்குப் பொருள் ஈட்டினார். அவர் மனைவி எலிசபெத், முதல் தாரத்தின் நான்கு பிள்ளைகளைப் பராமரித்தபடி, 1661இல் நீதிபதிகளின் முன் தாமே சென்று வாதாடினார். தம் கணவர் ஏழை என்பதாலும் கைவினைஞர் என்பதாலுமே இகழப்படுகின்றார் என்று அவர் நீதிபதிகளின் முகத்துக்கு நேரே கூறியமை பன்யனின் குறிப்பிற் பதிவாகியுள்ளது. வர்க்கம் என்ற சொல் அவரிடம் இருக்கவில்லை; பொருள் இருந்தது.

இவ்வனுபவத்தை மனத்திற் கொண்டு நூலுட் புகுந்தால், உறக்கம் அதில் ஒரு சாதாரண உருவகமாக நிற்பதில்லை. முக்கியமான உறக்கங்கள் மூன்று. கடினம் என்னும் மலையின் நடுவிலுள்ள நிழற்பந்தலிலே யாத்திரிகன் தனியாக உறங்கித் தன் சாட்சிப்பத்திரச் சுருளைத் தவறவிடுகின்றான்; திரும்பிச் சென்று அதனைத் தேடிவருவதற்குள் பொழுது சாய்ந்துவிடுகின்றது. இரண்டாவது உறக்கம் தோழனோடு கூடியது. கரடுமுரடான வழியிற் கால்நொந்த இருவரும் வேலிக்கு அப்பாலுள்ள புல்வெளிப் பாதையில் இறங்கி, மழையில் அகப்பட்டு, களைத்து உறங்கிவிடுகின்றனர். விடியற்காலையில் நிலத்துக்குரியவனான விரக்தி அரக்கன் அவர்களைப் பிடிக்கின்றான். அவன் சுமத்தும் குற்றம் கவனத்துக்குரியது: என் நிலத்தில் மிதித்தீர்கள், என் நிலத்திற் படுத்தீர்கள் என்பதே அது. பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்டுக்கொண்டிருந்த நாட்டிலே, நடந்து திரிந்து பிழைத்த தொழிலாளி ஒருவர், மனவிரக்திக்கு நிலவுடைமையாளனின் உருவத்தைக் கொடுத்திருக்கின்றார். இதனைத் தற்செயல் என்று கொள்ள என்னால் இயலவில்லை. ஆயினும் பன்யன் இதிற் சறுக்கவும் செய்கின்றார். அத்துமீறியோர் தம் பிழையை உணர்ந்து வாயடைத்து நிற்கின்றனர். நிலம் எவ்வாறு அவனுடையதாயிற்று என்ற கேள்வி எழவேயில்லை.

மூன்றாவது, உறக்கத்தை வெல்லும் இடம். காற்றே கண்ணயர்த்தும் மாயநிலத்தைக் கடக்கையில், தோழன் சற்றே படுத்தெழலாம் என்கின்றான். யாத்திரிகன் மறுக்கின்றான். பின்பு இருவரும் பேசிக்கொண்டே நடக்கின்றனர். மந்திரமில்லை, தேவதூதர் இல்லை. பேச்சே அவர்களை விழிப்பில் வைத்திருக்கின்றது. இதன் மூலத்தைத் தேடி நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. 1666இல் வந்த தன்வரலாற்று நூலிலே, பெட்ஃபோட் நகரில் ஒரு வாயிலில் வெயிற் காய்ந்தவாறு இறைகாரியம் பேசிக்கொண்டிருந்த ஏழைப் பெண்கள் சிலரின் உரையாடலே தம்மை உலுக்கியது என்று பன்யன் கூறுகின்றார். ஏழைகள் ஒருவரோடொருவர் பேசி ஒருவரையொருவர் உறங்கவிடாது காக்கும் இந்த வழக்கமே அச்சபையின் உயிர்நாடி. ஈ. பி. தொம்ப்சன் ஆங்கிலத் தொழிலாளர் இயக்கத்தின் அடிப்படை நூல்கள் இரண்டில் ஒன்றாக, தோமஸ் பெயினின் நூலோடு ஒருசேர, இதனை வைத்தமைக்குக் காரணம் இங்கேதான் உள்ளது என்பது என் துணிபு.

இவ்விழிப்பின் இருண்ட பக்கத்தையும் மறைத்தலாகாது. கதையின் இறுதியில் அறியாமை என்னும் இளைஞன், எல்லா வழியும் நடந்துவந்து, ஆற்றையும் கடந்து, வானகரின் வாயிலை அடைந்தபின், சாட்சிப்பத்திரம் இல்லாமையால் கைகால் கட்டப்பட்டு நரகில் எறியப்படுகின்றான். எதிரியை நோக்கிய விழிப்பு, உடன்நடப்பவனின் பத்திரத்தைச் சோதிக்கும் விழிப்பாகத் திரும்புகின்றது. 1660இன் தோல்விக்குப்பின் ஒடுங்கிப்போன சிறு சபைகளின் உளவியலை இதிற் காணலாம். பிளவுபட்ட இடதுசாரி இயக்கங்களில் வாழ்ந்து பழகியோர்க்கு இக்காட்சியை விளக்கவேண்டியதில்லை.

இனித் தமிழுக்கு வருவோம். கிருஷ்ணபிள்ளை (1827–1900) திருநெல்வேலி வைணவ வேளாளர் குடும்பத்தில் தோன்றியவர். கம்பனை இளமையிலேயே கற்றுத் தோய்ந்தவர். சாயர்புரத்து மிஷன் பாடசாலையில் தமிழ்ப் பண்டிதராயிருந்து, 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றவர். ‘கிறிஸ்தவக் கம்பன்’ என்ற பட்டத்தோடு நம் மாணவர் அவரை மனனஞ்செய்து பரீட்சை எழுதுகின்றனர். அப்பட்டம் அவருக்கு நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்துள்ளது. மூவாயிரத்து எழுநூறுக்கு மேற்பட்ட செய்யுள்களில், ஐந்து பருவங்களாக, மூலக்கதையின் யாத்திரைக் கட்டங்களை அவர் தமிழ்க் காவிய மரபினுட் கொண்டுவந்தார்.

அம்மாற்றத்திலே விழிப்புக்கு என்ன நேர்ந்தது என்பதே நமது பிரச்சினை. பன்யனின் உரைநடை சந்தையிலும் தெருவிலும் வழங்கிய பேச்சு. அபாயம் அதில் அயலவனின் குரலிலே வரும். ஆகவே வாசகனும் செவியைத் தீட்டிக்கொள்ளவேண்டும். விருத்தத்தின் கம்பீரத்திலோ அபாயம் தொலைவிலேயே தன் வருகையை அறிவித்துவிடுகின்றது. காவியம் கேட்போன் முடிவை அறிந்தவன். ஓசையின் இன்பத்தில் அமர்ந்திருப்பவன். அவனைத் திடுக்கிடச் செய்வது கடினம்.

இதனினும் முக்கியமானது கதைமையத்தின் இடப்பெயர்ச்சி. பன்யனில் சிலுவை ஒரு கணம் தோன்றுகின்றது; சுமை விழுகின்றது; பயணம் தொடர்கின்றது. கிருஷ்ணபிள்ளையோ குமார பருவத்தில் இயேசுவின் பாடுகளை விரிவாகப் பாடுகின்றார். காவியத்தின் உச்சங்களுள் ஒன்று அது என்பதில் ஐயமில்லை. பிலாத்துவின் முன்னே குற்றமற்றவன் கட்டுண்டு மௌனமாய் நிற்பதையும், காண்போர் புலம்புவதையும் படிக்கையில், அதிகாரத்தின் நீதிமன்றம் எத்தகையது என்பதை இக்கவிஞர் அறியாதவரல்லர் என்று தோன்றும். ஆனால் பன்யனின் மாயச்சந்தை நகரிலே குற்றவாளிக் கூண்டில் நிற்கும் சாதாரண யாத்திரிகன் நீதிபதிக்கு எதிருரை கூறிவிட்டே எரிகின்றான். இங்கு வாசகனின் உள்ளம் இறைவனின் பொறுமையைக் கண்டு உருகுகின்றது. உருகுதல் பக்தியின் பெருஞ்செல்வம். விழித்திருத்தலுக்கு அது மாற்றாகாது. வைணவ மரபின் துயிலெழுப்புதல்கூட விடியலின் மகிழ்ச்சியைச் சார்ந்ததேயன்றி நள்ளிரவின் காவலைச் சார்ந்ததன்று என்பதையும் இங்கு நினைவுகூரலாம்.

அபாயம் அக்காலத் தென்தமிழகத்தில் இல்லாதிருந்ததா? கவிஞர் ஞானஸ்நானம் பெற்ற 1858ஆம் ஆண்டிலேயே, மலைக்கு அப்பால் தென் திருவிதாங்கூரில், தோள்சீலை அணிந்த நாடார் கிறிஸ்தவப் பெண்கள் தெருவிலும் சந்தையிலும் தாக்கப்பட்டனர். ஆலயங்களும் பாடசாலைகளும் தீக்கிரையாயின. 1859 ஜூலை 26இல் வந்த அரச பிரகடனமும், உயர்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் அணியலாகாது என்ற நிபந்தனையோடே உரிமை வழங்கிற்று. திருநெல்வேலியிலேயே 1858 டிசம்பரில் ஒரு கிறிஸ்தவரின் பிரேதத்தை வீதிவழியே எடுத்துச் செல்வது பற்றிக் கலகம் மூண்டு, படையினரின் துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் பலியாயின. வீதி, சந்தை, உடை, பிணம்: பன்யன் உலகின் அபாயங்களை அப்படியே ஒத்தவை இவை. இவற்றின் நடுவே வாழ்ந்தவர் எழுதிய யாத்திரைக் காவியத்தில் அவற்றின் வெம்மை ஏறவில்லை. பனையேறி வாழ்ந்தோர் பெருந்தொகையாய்ச் சேர்ந்த ஒரு சபையின் மதத்தை, கம்பன் மொழியில் எடுத்துரைத்து, கற்ற வேளாளரின் அவையில் மதிப்புப் பெறச்செய்வது அவர்முன் இருந்த பணி. அப்பணியை அவர் நிறைவேற்றினார். யாத்திரிகன் அதற்காகத் தெருவை விட்டு அவைக்கு ஏறவேண்டியதாயிற்று.

இதனைத் தனிமனிதக் குறையாக்குவது நேர்மையன்று. குலமும் உறவும் வாழ்வின் அரணாயிருந்த சமூகத்திலே மதம் மாறுவது சிறு துணிவன்று. அந்தத் தனிமையின் ஈரம் காவியத்தினிடையே வரும் தேவாரப் பாடல்களில் உண்டு. அங்கு அவர் பண்டிதரல்லர். எனினும் அத்தனிமை பன்யனின் சபையன்று. மாயநிலத்தைப் பேசிக் கடப்பதற்கு அருகில் எவருமில்லை.

காவியம் வெளியான அதே 1894இல், ஆதிக் கிறிஸ்தவம் அடிமைகளதும் ஒடுக்கப்பட்டோரதும் இயக்கமாகவே தொடங்கிற்று என்பதை விளக்கி, அதனைத் தொழிலாளர் இயக்கத்தோடு ஒப்பிட்டு ஏங்கெல்ஸ் எழுதினார். கிருஷ்ணபிள்ளை அதனைக் கண்டிருப்பார் என்று எண்ண இடமில்லை. அந்த ஒப்புமையை உணர்வதற்கு அவருக்கு ஜெர்மன் கட்டுரை தேவைப்பட்டிருக்கவுமில்லை. சாயர்புரத்து வகுப்பிலே, அவரிடம் இலக்கணம் கேட்டுக்கொண்டு, பனையேறிகளின் பிள்ளைகள் அமர்ந்திருந்தார்கள்.