ஓடினால் இளைக்குமா?

மார்கழிக் குளிர் இறங்கியதும் மெரினாவிலும் பெசன்ட் நகர் கடற்கரையிலும் விடியற்காலை ஓட்டக்காரர்களின் கூட்டம் கூடிவிடும். ஜனவரியில் சென்னை மாரத்தான் நடக்கிறது. அதற்கான பயிற்சிக்கு வருவோர் ஒருபுறம், புத்தாண்டு உறுதிமொழியோடும் புது ஷூவோடும் வருவோர் மறுபுறம். இரண்டாவது வகையினரிடம் ஏன் ஓடுகிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "தொப்பையைக் குறைக்கணும்." பங்குனி வெயில் ஏறும்போது அவர்களில் பலரைக் காண முடியாது. சோம்பேறித்தனம் என்று அதைத் தள்ளிவிடுவது அநியாயம். ஓட்டத்தால் கொடுக்க முடியாத ஒன்றை அதனிடம் எதிர்பார்த்து வந்தவர்கள் அவர்கள். அப்படி எதிர்பார்க்கச் சொன்னவர்கள் மீதுதான் என் முதல் குறை.

கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோமீட்டர் ஓடினால், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் ஒரு கலோரி செலவாகும். 70 கிலோ எடையுள்ளவர் 5 கிலோமீட்டர் ஓடினால் 350 கலோரி. வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் இதில் பெரிய மாற்றமில்லை. ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி சேமிப்பாக இருக்கிறது. ஆக, சாப்பாட்டில் ஒரு பருக்கைகூடக் கூடாமல் 22 நாள் தொடர்ந்து ஓடினால்தான், அதுவும் ஏட்டுக் கணக்கில்தான், ஒரு கிலோ குறையும். ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் முடிந்ததும் நண்பர்கள் சேர்ந்து டிபன் கடைக்குப் போவது நம் ஊர் வழக்கம். நெய் மிதக்கும் ஒரு தட்டு வெண்பொங்கலும் இரண்டு மெதுவடையும் ஒரு காபியும் அந்த 350 கலோரியைத் தாண்டிவிடும். பசித்தவர் சாப்பிடுவதில் குற்றமில்லை. ஓடியதற்கான கூலி என்று நினைத்துச் சாப்பிடும்போதுதான் கணக்கு கைமீறிப் போகிறது.

ஏட்டுக் கணக்கையும் உடல் அப்படியே ஏற்பதில்லை. அமெரிக்க மானுடவியலாளர் ஹெர்மன் பான்ட்சரும் அவருடைய குழுவினரும் தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் ஹட்சா மக்களின் ஆற்றல் செலவை அளந்து 2012இல் வெளியிட்டார்கள். தினமும் பல கிலோமீட்டர் நடக்கும் அம்மக்கள், உடல் அளவை ஒப்பிட்டுப் பார்க்கும்போது, நாற்காலியில் அமர்ந்து வேலை செய்யும் அமெரிக்கர்கள் அளவுக்கே மொத்தத்தில் கலோரி செலவழிக்கிறார்கள் என்பது தெரியவந்தது. உழைப்பு கூடினால் உடல் வேறு இடத்தில் சிக்கனம் பிடித்து ஈடுகட்டிக்கொள்கிறது என்பது பான்ட்சரின் விளக்கம். எந்த அளவுக்கு ஈடுகட்டுகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் ஓடி எரிக்கும் கலோரி முழுவதும் எடைக்குறைப்பாக மாறுவதில்லை என்பது, காலையில் ஓடிவிட்டு மாலை முழுக்கச் சாய்ந்து கிடந்த எவருக்கும் புரியும்.

அப்படியானால் ஓட்டம் வீணா? இல்லவே இல்லை. அளக்க எடுத்த கோல்தான் தவறு.

இந்தியர்களுக்கு எடை எவ்வளவு மோசமான அளவுகோல் என்பதற்கு ஒரு புகழ்பெற்ற ஒளிப்படம் சாட்சி. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் அருகருகே நிற்கும் அந்தப் படம் 2004இல் 'லான்செட்' இதழில் வந்தது. உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. குறியீடு இருவருக்கும் ஒன்றுதான்: 22.3. யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். நாம் 'ஒல்லி' என்று சொல்லும் உடம்புக்குள்ளும் தசை குறைந்து, கொழுப்பு ஒளிந்திருக்கிறது. அதிலும் கல்லீரலையும் குடலையும் சுற்றிப் படியும் கொழுப்புதான் சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வழி திறக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் தெரிவித்தபடி நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது. இவர்கள் எல்லோரும் பருமனானவர்கள் அல்லர்.

ஓட்டம் வேலை செய்யும் இடம் இதுதான். தொடர்ந்த ஓட்டமும் வேக நடையும், எடை பெரிதாக இறங்காதபோதும், இந்த உள்ளுறுப்புக் கொழுப்பைக் குறைக்கின்றன. உழைக்கும் தசை இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். ஓடி முடித்த பிறகும் பல மணி நேரம் இன்சுலினுக்கு நன்றாக இணங்கும். ரத்த அழுத்தம் தணியும், மாடிப்படியில் மூச்சிரைப்பு குறையும், தூக்கம் ஆழமாகும். இவற்றில் எதையும் எடை இயந்திரம் காட்டாது. இடுப்பில் சுற்றும் அளவுநாடா ஓரளவு காட்டும். இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது மருத்துவர்கள் சொல்லும் எல்லை. மூன்று மாதம் ஓடியும் எடை அரைக் கிலோதான் குறைந்தது என்று மனம் வெதும்புகிறவர், அதே மூன்று மாதத்தில் பெல்ட்டில் ஒரு துளை உள்ளே போயிருக்கிறதா, ரத்தத்தின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு இறங்கியிருக்கிறதா என்று பார்த்திருந்தால் ஓட்டத்தை விட்டிருக்கமாட்டார்.

அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 55,000 பேரைச் சராசரியாக 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. ஓடாதவர்களைவிட ஓடுகிறவர்களிடம் மொத்த மரணம் 30 சதவீதமும், இதய, ரத்தநாள நோய்களால் வரும் மரணம் 45 சதவீதமும் குறைவாக இருந்தன. நாளுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் மெதுவாக ஓடியவர்களுக்கும் பலன் கிடைத்திருந்தது. ஏற்கெனவே நலமாக இருப்பவர்களே ஓட வருவார்கள் என்பதால், இந்தப் பலன் முழுவதையும் ஓட்டத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. அதைக் கழித்துப் பார்த்தாலும், இவ்வளவு குறைந்த நேரத்துக்கு இவ்வளவு தரும் பழக்கங்கள் அதிகமில்லை.

மறுபக்கத்துக்கு ஜிம் ஃபிக்ஸின் வாழ்க்கையைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். 35 வயதில், நூறு கிலோவை நெருங்கிய உடம்போடும் தினம் இரண்டு பாக்கெட் சிகரெட்டோடும் ஓடத் தொடங்கிய அமெரிக்கப் பத்திரிகையாளர் அவர். சிகரெட்டை விட்டார், 25 கிலோவுக்கு மேல் குறைத்தார். 1977இல் அவர் எழுதிய ஓட்டப் புத்தகம் பத்து லட்சத்துக்கும் மேல் விற்று, அமெரிக்கர்களைத் தெருவுக்கு வரவழைத்தது. 1984 ஜூலையில், 52 வயதில், வெர்மான்ட் மாநிலச் சாலையொன்றில் ஓடும்போது மாரடைப்பால் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் இதய நாளங்களில் கடுமையான அடைப்பு தெரிந்தது. அவருடைய தந்தையும் இதய நோயால் 43 வயதிலேயே இறந்தவர். இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் மருத்துவர் கென்னத் கூப்பரின் நிலையத்துக்குப் போயிருந்தும், அங்கே டிரெட்மில் பரிசோதனைக்கு ஃபிக்ஸ் உடன்படவில்லை. ஓட்டம் அவரைக் கொன்றது என்பதையும் ஓட்டம்தான் அவரை 52 வரை வாழவைத்தது என்பதையும் யாராலும் நிறுவ முடியாது. நிறுவத் தேவையுமில்லை. எடை இறங்கியதும் உடம்பு முழுவதும் சரியாகிவிட்டது என்ற நம்பிக்கைதான் ஆபத்தானது. நாற்பதைத் தாண்டியவர்களும், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்களும், குடும்பத்தில் இளவயது மாரடைப்பைக் கண்டவர்களும் ஷூ வாங்கப் போகுமுன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதில் சமரசமே கூடாது.

"ஓடினா முட்டி தேஞ்சுடும்" என்ற பயம் வீட்டுக்கு வீடு உண்டு. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வந்த ஒரு பகுப்பாய்வில், இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் உடற்பயிற்சிக்காக ஓடுகிறவர்களிடம் 3.5 சதவீதமும், ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களிடம் 10.2 சதவீதமும் காணப்பட்டது. போட்டிக்காகவே கடுமையாக ஓடியவர்களிடம் அது 13.3 சதவீதமாக ஏறியது. ஓட்டத்தால் மூட்டு தேயும் என்ற பயம், நம்மைப் போன்ற சாதாரண ஓட்டக்காரர்களைப் பொறுத்தவரை ஆதாரமற்றது. கெண்டைக்கால் எலும்பு வலியும் குதிகால் வலியும் முழங்கால் சில்லு வலியும் உண்மை. காரணம் அவசரம். மூச்சும் இதயமும் சில வாரங்களிலேயே பழகிக்கொள்கின்றன; எலும்புக்கும் தசைநாருக்கும் மாதக்கணக்கில் ஆகும். மூச்சு வாங்கவில்லையே என்று தூரத்தைக் கூட்டுகிறவரின் கால், அதற்கு ஆயத்தமாவதற்கு முன்பே நொந்துபோகிறது. எடையைச் சீக்கிரம் குறைக்க நினைப்பவர்தான் இந்த வலையில் முதலில் விழுகிறார். ஜாஷ் கிளார்க் என்பவர் 1996இல் தொடக்கக்காரர்களுக்காக வகுத்த ஒன்பது வாரத் திட்டத்தின் முதல் வாரத்தில் ஒரே மூச்சில் ஓடுவது 60 விநாடிதான், அடுத்த 90 விநாடி நடை, மறுபடி ஓட்டம். அந்தப் பொறுமையால்தான் உலகம் முழுவதும் அதைப் பின்பற்றுகிறார்கள்.

நல்ல கனமான உடம்புள்ளவர்கள் ஓட்டத்தில் தொடங்கவே கூடாது என்பது என் கருத்து. தமிழக அரசு 2023இல் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதையை அறிவித்தது. மாரத்தான் ஓட்டக்காரரான மா. சுப்பிரமணியன் அப்போது மருத்துவத் துறை அமைச்சர். ஓடுகிற அமைச்சர் பொதுமக்களுக்கு நடையைப் பரிந்துரைத்தது சரியான முடிவு. எடையைக் குறைத்து ஓராண்டுக்கு மேல் ஏறாமல் காத்தவர்களை அமெரிக்காவில் 1994 முதல் பதிவுசெய்து வருகிறார்கள். அவர்களில் பத்தில் ஒன்பது பேர் உடற்பயிற்சியை விடாதவர்கள், அதிகம் பேர் செய்வது நடைதான். எடையைக் குறைப்பது சாப்பாட்டுத் தட்டு, குறைந்த எடையைக் காப்பது கால்கள் என்று அந்தப் பதிவேட்டை நான் புரிந்துகொள்கிறேன். தட்டில் சோறு குறைந்து பருப்பும் முட்டையும் கூடாமல் ஓட மட்டும் செய்தால், இருக்கும் கொஞ்சம் தசையும் கரையும். வாரம் இரண்டு நாள் தசைக்கான பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை ஓட்டக்காரர்கள் பலர் காதில் வாங்குவதில்லை.

கடைசியாக, ஓட்டத்துக்குச் செலவில்லை என்ற பெருமை. ஆணுக்கு அது பாதி உண்மை. ஐந்து மணிக்கு அடுப்பு பற்றவைத்து, பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ் கட்டி, வேலைக்கும் போகிற பெண்ணுக்கு அந்த நேரம் யாரிடமிருந்து கிடைக்கும்? கிடைத்தாலும், விளக்கெரியாத தெருவிலும் உடைந்த நடைபாதையிலும் நாய்க்கூட்டத்துக்கு நடுவிலும் அவர் எங்கே ஓடுவார்? வருடத்துக்கொரு நாள் சாலையை மறித்து மாரத்தான் நடத்த முடிகிற ஊர்களில், மீதி நாட்களுக்கு ஒரு மண்பாதை இல்லை. அரசுப் பள்ளி, கல்லூரித் திடல்கள் விடிகாலையில் பூட்டிக் கிடக்கின்றன. ஐந்து முதல் ஏழு மணி வரை, விளக்கும் ஒரு காவலரும் வைத்து, அவற்றைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட உள்ளாட்சிகள் முன்வர வேண்டும். வீட்டு ஆண்கள் அந்த நேரத்தில் வாரம் மூன்று நாளாவது அடுப்படியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.