வெட்டாமல் எடுத்தால் போதுமா?

ஒரே ஷாட்டில் எடுத்த படம் என்று விளம்பரம் வந்தாலே நம்மவர்களுக்கு அதன்மேல் ஒரு தனி மரியாதை வந்துவிடுகிறது. உழைப்புக்குக் கொடுக்கும் மரியாதை அது, தப்பில்லை. ஆனால் அதனால் கதைக்கு என்ன கிடைத்தது என்று யாரும் அதிகம் கேட்பதில்லை. அதைக் கேட்டுப் பார்க்க ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 'ரோப்' (1948) மாதிரி தோதான படம் வேறில்லை. இந்த உத்தியின் பலமும் பலவீனமும் அதில் பக்கத்துப் பக்கத்திலேயே கிடக்கின்றன.

நியூயார்க்கில் ஓர் அடுக்குமாடி வீடு. பிராண்டன், பிலிப் என்ற இரண்டு இளைஞர்கள் நண்பனைக் கயிற்றால் கழுத்தை இறுக்கிக் கொன்று ஒரு பெட்டிக்குள் கிடத்துகிறார்கள். அந்தப் பெட்டியின் மேலேயே விருந்தும் வைக்கிறார்கள். செத்தவனின் அப்பாவும் விருந்தாளிகளில் ஒருவர்.

அன்றைய கேமராவில் ஒரு ரீல் சுமார் 10 நிமிடம்தான் ஓடும். அதனால் 80 நிமிடப் படத்தைப் பத்துப் பதினொரு ஷாட்களில் முடித்தார் ஹிட்ச்காக். கேமரா நகரும்போது செட்டின் சுவர்களைச் சத்தமில்லாமல் நகர்த்தி வழிவிட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே வானம் மெல்ல மெல்ல இருட்டுகிறது.

படத்தின் நடுவில் ஒரு காட்சி. வேலைக்கார அம்மாள் பெட்டியின்மேல் இருக்கும் தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போகிறார், திரும்பி வருகிறார், மெழுகுவர்த்திகளை எடுக்கிறார், விரிப்பை உருவுகிறார், பெட்டிக்குள் வைக்கப் புத்தகங்களைக் கொண்டு வருகிறார். விருந்தாளிகள் திரைக்கு வெளியே, வராத நண்பனைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கேமரா அசையவே இல்லை. அவர் போய்வரும் ஒவ்வொரு நடைக்கும் நமக்கு வயிற்றைப் பிசைகிறது. மூடியைத் தூக்கப் போகும் நேரத்தில்தான் பிராண்டன் வந்து தடுக்கிறான். இங்கே ஒரு வெட்டு விழுந்திருந்தால், அவர் நடக்கும் அந்தச் சில விநாடிகள் நம் கையைவிட்டுப் போயிருக்கும். நீண்ட ஷாட் தன் சம்பளத்தைச் சம்பாதித்த இடம் இது.

அதே படத்தில், ரீல் முடியும் பல இடங்களில் கேமரா யாரோ ஒருவரின் கோட்டு முதுகில் போய் முட்டி, திரை கறுத்து, மறுபடி விலகுகிறது. ஒட்டை மறைக்க வேண்டுமே! அந்த முதுகுக்குக் கதையில் ஒரு வேலையும் இல்லை. பார்ப்பவன் பிணத்தை மறந்துவிட்டு 'ஓ, இங்கேதான் ஒட்டியிருக்கிறார்கள்' என்று கண்டுபிடிக்கத் தொடங்கிவிடுகிறான்.

இதைவிட வேடிக்கை வேறொன்று. திரையரங்கில் ரீல் மாற்றும் இடங்களுக்காகச் சில வெட்டுகளை ஹிட்ச்காக் மறைக்காமல் விட்டார். பிலிப் முன்பு கோழிகளின் கழுத்தைத் திருகியதைப் பற்றி பிராண்டன் விளையாட்டாகச் சொல்கிறான். பிலிப் அது பொய் என்று கத்துகிறான். சட்டென்று வெட்டு. ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்த, விருந்துக்கு வந்திருக்கும் பழைய ஆசிரியர் ரூபர்ட்டின் முகம். அவருக்குச் சந்தேகம் விழுந்துவிட்டது என்பது ஒரு நொடியில் நமக்குத் தெரிகிறது. கேமரா நடந்து போய் அந்த முகத்தைப் பிடித்திருந்தால் அந்த அதிர்ச்சி ஆறிப்போயிருக்கும். வெட்டவே கூடாது என்று எடுத்த படத்தில், சந்தேகம் பிறக்கும் மிக முக்கியமான கணத்தை ஒரு வெட்டுதான் தருகிறது. படத்தொகுப்பின் முக்கியத்துவம் பற்றித் தனக்கிருந்த கருத்துக்கே மாறாக நடந்துவிட்டதாகப் பிற்காலத்தில் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் ஹிட்ச்காக்கே ஒப்புக்கொண்டார்.

டிஜிட்டல் வந்த பிறகு ரீல் என்ற தடை போய்விட்டது. ரஷ்ய இயக்குநர் சொக்குரோவின் 'ரஷ்யன் ஆர்க்' (2002) ஹெர்மிடேஜ் அரண்மனைக்குள் முழுக்க வெட்டில்லாமல் நடக்கிறது. நூற்றாண்டுகள் அறைக்கு அறை மாறுவதுதான் அங்கே கதை என்பதால் அது பொருந்துகிறது. '1917' (2019) பல ஷாட்களை ஒன்றுபோல ஒட்டியது. பதுங்குகுழிகளுக்குள் நம்மை இழுத்துக்கொண்டு ஓடும்வரை அது வலுவாகவே இருக்கிறது. ஆனால் நாயகன் மயங்கி விழுந்து பொழுது இரவாக வேண்டிய இடத்தில் அதுவும் திரையைக் கறுக்க வைக்க வேண்டியிருந்தது. தமிழில் பார்த்திபனின் 'இரவின் நிழல்' (2022) திரையரங்கில் தன்னை எடுத்த விதத்தைக் காட்டிவிட்டுத்தான் கதையைத் தொடங்கியது. அசுர உழைப்பு, சந்தேகமில்லை. ஆனால் செட்டு எப்படி மாறியது என்று முன்பே பார்த்துவிட்ட கண், கதை ஓடும்போதும் செட்டைத்தானே தேடும்?

'ரோப்' வந்து ஆறு வருடத்தில், அதே ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டை ஓர் அறைக்குள் உட்கார வைத்து ஹிட்ச்காக் 'ரியர் விண்டோ' (1954) எடுத்தார். ஸ்டூவர்ட்டின் முகம், அவர் பார்ப்பது, மறுபடி அவர் முகம் என்று வெட்டி வெட்டியே கொலைச் சந்தேகத்தை வளர்த்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். என் ஓட்டு இரண்டாவதற்கு.