மெய்ம்மயக்கமும் விசைப்பலகையும்

விசைப்பலகையில் எழுத்துகள் ஏன் இப்படிக் கலைந்து கிடக்கின்றன என்று கேட்டால் ஐ.டி. ஆட்கள் எல்லோரிடமும் ஒரே கதைதான் இருக்கும். அந்தக் காலத் தட்டச்சு இயந்திரத்தில் வேகமாக அடித்தால் எழுத்துக் கம்பிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும், அதனால் அடிக்கிறவரை மெதுவாக்கவே எழுத்துகளைக் கலைத்துப் போட்டார்கள் என்று. நல்ல கதை. ஆனால் ஆங்கிலத்தில் ஓயாமல் சேர்ந்து வரும் 'ஈ'யும் 'ஆரு'ம் அதில் பக்கத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன. மில்வாக்கியைச் சேர்ந்த ஷோல்ஸ் உருவாக்கி, 1874இல் ரெமிங்டன் விற்பனைக்குக் கொண்டுவந்த பலகை அது. தந்தி வாங்கி எழுதியவர்களின் வசதிக்காக வரிசை பல முறை மாறியிருக்க வேண்டும் என்று கியோட்டோவின் யசுவோகா தம்பதி 2011இல் வாதிட்டார்கள். எப்படியோ, அது ஆங்கிலத்தின் பஞ்சாயத்து. நம் வீட்டுக் கேள்வி வேறு: நன்றாக யோசித்து அடுக்கிய ஒரு தமிழ்ப் பலகை இருந்தும் நம்மில் பெரும்பாலோர் ஏன் அதைத் தொடுவதில்லை?

யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் போன ரா. முத்தையாதான் தமிழ்த் தட்டச்சின் தந்தை எனப்படுபவர். 247 எழுத்துகளைச் சில டஜன் விசைகளுக்குள் அடக்க வேண்டும். தட்டச்சு அதைத் தீர்த்த விதம், எழுத்தை உருவமாக உடைப்பது. 'கொ' வேண்டுமா? முதலில் கொம்பு, பிறகு க, அப்புறம் கால். கண் பார்க்கிற வரிசை இது, காது கேட்கிற வரிசை இல்லை. திருநகர் பக்கம் தட்டச்சுப் பள்ளிகளில் 'யளனகப' என்று மாலை முழுக்கப் படபடத்தது இந்த வரிசைதான். அரசு வேலைக்கு லோயர், ஹையர் சான்றிதழ் வேண்டுமே. பாமினி எழுத்துரு இதையே கணினிக்குள் இழுத்து வந்தது. அதனால்தான் எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று பல்லிளித்தது.

1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. அதே ஆண்டு தமிழக அரசு தமிழ்99 பலகையைத் தரமாக ஏற்றது. இங்கே உடைப்பது உருவத்தை இல்லை, ஒலியை. இடக்கைக்கு உயிர், வலக்கைக்குப் பெரும்பாலான மெய்கள். க அடித்து ஒ அடித்தால் கொ. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், ஆக 31 விசை; ஷிப்ட் வேண்டாம். கிரந்தத்துக்கு மட்டும் அது தேவைப்படும். ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதல் மெய்க்குப் புள்ளி தானே விழும். 'அம்மா'வுக்கு நாலே தட்டு: அ, ம, ம, ஆ. ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற என்று மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அப்படியே. பலகையைப் பாருங்கள், இந்த இணைகளில் ஐந்து பக்கத்துப் பக்கத்து விசைகள். ங மட்டும் ஒரு வரிசை கீழே, க-வுக்கு அருகில். ஆங்கிலப் பலகை பற்றிச் சொல்லப்படும் கதைக்கு நேர் எதிர் இது. சேர்ந்து வருபவற்றைச் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். தொல்காப்பியம் மெய்ம்மயக்கம் என்று பேசுவதை ஒரு மென்பொருள் விதியாக ஆக்கியிருக்கிறார்கள். நிரல் எழுதிப் பிழைக்கிறவனாகச் சொல்கிறேன், இவ்வளவு அழகான விதி எங்கள் தொழிலில் அபூர்வம். 'மமதை' மாதிரிச் சொல்லில் இடறும்தான். நடுவில் ஒரு 'அ' தட்டினால் சரியாகிவிடும்.

இதோடு ஒப்பிட்டால் இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே வரிசை என்று மத்திய அரசு தந்த இன்ஸ்கிரிப்ட், கடன் வாங்கிய சட்டை. இந்தி 'ग'வுக்கான விசை தமிழில் காலி. ஆனால் நாம் மூச்சுக்கு மூச்சு எழுதும் ன-வுக்கு ஷிப்டை அழுத்த வேண்டும். ற, ள, ழ எல்லாமே அப்படித்தான்.

நாம் தேர்ந்துகொண்டதோ ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பது. காரணம் எளிது: புதிதாக எதையும் படிக்க வேண்டியதில்லை. புதிதாய் வந்தவருக்கு அது பெரிய கதவு. இணையத் தமிழ் அதனால்தான் பெருகியது. அதைத் திட்டுகிற தமிழ்99 பக்தர்களோடு எனக்கு உடன்பாடில்லை. என் கவலை அலைபேசியின் பரிந்துரைப் பட்டியல் மீது. ஆங்கில எழுத்தில் 'பலம்' என்று அடித்தால் பலம், பழம், பாலம் எல்லாம் வரிசையில் நிற்கும். அடிக்கடி வரும் சொல்லுக்கு முதல் இடம். 'வெஞ்சன'மும் 'அங்கிட்டு'ம் வால்பகுதியில், சில நேரம் அங்கேயும் இல்லை. தேடிச் சலித்தவர் 'கூட்டு', 'அந்தப் பக்கம்' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். மொழிநடை என்று நாம் பேசுவது இந்த இடத்தில்தான் தேய்கிறது, யாரும் கவனிக்காமல். ஒவ்வோர் எழுத்தாக அடிக்கும்போது அரிய சொல்லுக்கும் அன்றாடச் சொல்லுக்கும் வித்தியாசமில்லை. இலக்கியம் எழுதுகிறவருக்காவது இது முக்கியமில்லையா?

ஒரு வாரம் வதையாக இருக்கும், அப்புறம் விரல் பழகிவிடும். பழகும்போது ழ-வைத் தேடிப் பாருங்கள். நாம் மேடைதோறும் பெருமை பேசும் எழுத்து, தமிழ்99இல் கடைசி வரிசையின் வலது ஓரத்தில், சுண்டுவிரலுக்கு எட்டும் மூலையில் இருக்கிறது. மேல் வரிசையில் ன, நடு வரிசையில் க, ப, ம, த, ந. எது எவ்வளவு முறை வருகிறது என்று பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள், பெருமையைப் பார்த்து இல்லை.