ஏக்கமும் இசைத் தொகுப்பும்

பழம்பாடல்களைத் திரட்டி வெளியிடும் தொகுப்புகளுக்கு என்றும் வரவேற்பு உண்டு. நீங்கிய ஊரையும் கழிந்த இளமையையும் ஒரு மெட்டு நொடியில் மீட்டுத் தருகிறது, கேட்போர் உருகுகின்றனர், உருக்கிற்று என்பதனாலேயே அத்தொகுப்பு நன்று என்றும் முடிவு கட்டிவிடுகின்றனர். இம்முடிவு பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

தொல்காப்பியர் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் ஆகியவற்றோடு பறையையும் யாழையும் கருப்பொருளில் அடக்கினார். இசை ஒரு நிலத்தில் விளைவது, அந்நிலத்துத் தொழிலோடு பிணைந்தது என்பது இதனால் பெறப்படும். எனவே, பாட்டைத் தொகுத்தவர் அதன் நிலத்தையும் தொழிலையும் உடன் கொணர்ந்தாரா என்பதே நாம் கொள்ளவேண்டிய அளவுகோலாகும்.

பசிபிக் மாகடலிலுள்ள ஹவாய்த் தீவுகளின் இசையை இவ்வளவுகோலால் அளந்து பார்ப்போம். நம் நாட்டைப் போலவே அதுவும் தோட்டத் தொழிலுக்கெனப் பல நாட்டு மக்கள் கொண்டுவரப்பட்ட நாடு. 1879இல் மதைராத் தீவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு வந்த போர்த்துகேயர் கொணர்ந்த சிறு நரம்புக்கருவியிலிருந்தே 'உக்குலேலே' பிறந்தது. கித்தாரை மடிமேல் கிடத்தி, நரம்பின்மீது எஃகுத் துண்டை வழுக்கி இசைக்கும் முறையை ஜோசப் கெக்கூக்கு என்னும் தீவினர் பரப்பினார். அந்த வழுக்கொலி 'ஹவாயன் கித்தார்' என்ற பெயரோடு இந்தியத் திரையிசையிலும் புகுந்து நம் செவிக்குப் பழகிவிட்டது. அரசி லிலியுவோகலானி 1878இல் இயற்றிய 'அலோஹா ஓயே' காதலர் பிரிவைப் பாடுவது. 1893இல் அவருடைய அரியணை பறிக்கப்பட்டது. 1898இல் தீவுகள் அமெரிக்காவோடு இணைக்கப்பட்டன. அதன்பின் அதுவே நாடிழந்தாரின் பிரிவுப் பாடலாகவும் ஒலிக்கலாயிற்று.

ஆயினும், உலகம் விரும்பிக் கேட்ட ஹவாய் இசை எத்தகையது? 1935 முதல் 1975 வரை வைகிக்கிக் கடற்கரையிலிருந்து ஒலிபரப்பான 'ஹவாய் அழைக்கிறது' என்னும் வானொலி நிகழ்ச்சி, இசையோடு அலையோசையையும் சேர்த்து அனுப்பியது. அத்தீவை ஒருநாளும் கண்டிராதவர்க்கும் அதன்மீது ஏக்கம் உண்டாயிற்று. அவ்வேக்கத்தில் கடலும் நிலவும் இருந்தன, கரும்புக்காடு இல்லை.

கரும்புக்காட்டுக்கும் பாட்டு இருந்தது. 1885 முதல் ஒப்பந்தத்தின்பேரில் பெருந்திரளாய்ச் சென்ற ஜப்பானியருள், காய்ந்த தோகை உரித்த பெண்கள் தாய்நாட்டு மெட்டில் ஹவாய்ச் சொற்களைக் கலந்து, கூலிக் குறைவையும் உடல்நோவையும் பாடினர். 'ஹோலே ஹோலே புஷி' எனப்படும் இப்பாடல்களை, ஹாரி உராத்தா என்னும் இசையாசிரியர் 1960ஆம் ஆண்டுகளில் முதியோரைத் தேடிச் சென்று பதிவு செய்யத் தொடங்கினார். 2016இல் ஹவாயின் கடைசிப் பெருங்கரும்புத் தோட்டமும் தொழிலை நிறுத்தியது. தோட்டம் போயிற்று, பாட்டு நின்றது. நின்றதற்குக் காரணம், உரிய காலத்தில் ஓர் ஆசிரியர் செவி கொடுத்தமையே.

இனி நம் நிலையைக் காண்போம். நம் இல்லங்களில் பழம்பாடல் தொகுப்பு என்றால் பெரும்பாலும் திரைப்பாடல் தொகுப்பே. அப்பாடல்களின் இனிமையை மறுப்பாரில்லை. ஆனால் அவை காட்டும் ஆறும் வயலும் தமிழகத்தன. கடாரத்து மண்ணிலேயே பிறந்து வளர்ந்த மூன்றாம், நான்காம் தலைமுறையினர் காணாத காவிரிக்கு ஏங்குகின்றனர்; தம் பாட்டியார் பெரட்டுக்கு நின்ற விடியற்காலம் அவர்கள் ஏக்கத்தில் இடம்பெறவில்லை. சுங்கைப் பட்டாணி, பீடோங், குரூண் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம்விட்டன. லயத்து வாசலில் பாடிய தாலாட்டும் கும்மியும் ஒப்பாரியும், பால்மரக் காட்டில் எழுந்த தெம்மாங்கும் முதியோர் சிலரின் நினைவில் மட்டுமே தங்கியுள்ளன.

இவற்றைத் தொகுக்கும் முறைக்கு நாம் வெளிநாடு செல்ல வேண்டுவதில்லை. இளங்கோவடிகள் ஆய்ச்சியர் குரவையை வாளா எடுத்து வைத்தாரல்லர். ஆயர்பாடியில் பால் உறையாமையும் தீநிமித்தமும் கண்டு அஞ்சிய மகளிர் ஆடியதாக அமைத்தார். பாட்டும், பாடியவரும், பாடிய காரணமும் ஆங்கே ஒன்றாய் நிற்கின்றன. அண்மைக் காலத்தில், பெர்சி மாக்வீன் திரட்டிய பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் 'மலையருவி' என 1958இல் பதிப்பித்தார், நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' 1964இல் வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, தொழிற்சங்கத்தில் உழைத்த சி. வி. வேலுப்பிள்ளையின் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' அவர் மறைவுக்குப்பின் 1987இல் வெளியாயிற்று.

தொகுப்போர் இருவகைத் தூய்மையை அஞ்சவேண்டும். ஒன்று, சொல்லைத் தூய்மை செய்தல். கித்தா, மங்கு, பெரட்டு என்னும் சொற்கள் பாட்டில் வருமாயின், அவற்றை நீக்கி நற்றமிழ்ச் சொல் பெய்வது தமிழாசிரியர்க்கு எளிது. வகுப்பறைக் கட்டுரையில் அது திருத்தம். இங்கோ அது சான்றழிப்பு. பாடியவர் மலாய் மண்ணில் வாழ்ந்தார் என்பதற்கு அச்சொற்களே சாட்சி. மற்றொன்று, துயரைத் தூய்மை செய்தல். கங்காணியை ஏசும் பாட்டையும், பிள்ளையைப் பறிகொடுத்தவள் ஒப்பாரியையும் விலக்கி, இனியன மட்டும் திரட்டினால், நாமே நமக்கு வைகிக்கிக் கடற்கரை ஒன்றைப் படைத்தவராவோம். துன்பத்தை மறப்பதன்றோ நலம் எனச் சிலர் வினவலாம். துன்புற்றவர் மறப்பது அவர் உரிமை. அவர் பாடி வைத்ததை நாம் மறைப்பது அவ்வுரிமையில் அடங்காது.

ஆசிரியர் செய்யத்தக்கது மிகுதியன்று. மாணவர் தம் வீட்டு முதியோரிடம் ஒரு பாட்டைக் கேட்டுக் கைப்பேசியில் பதிந்து, பாடியவர் யார், எத்தோட்டம், எவ்வேலையின்போது பாடியது, யாரிடம் கற்றது என்னும் நான்கையும் எழுதி வைக்கட்டும். சொல் விளங்காவிடின் விளங்காதபடியே எழுதட்டும். இந்நான்கும் உடனிருந்தால் ஏக்கம் வரலாறாக முதிரும். இல்லையேல் அது காற்றோடு கரையும் இன்பமாகவே முடியும்.