‘ஆற்றங்கரை நாகரிகம்’ என்னும் கருத்தாக்கம்: சிந்துவெளியை முன்வைத்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

தொல்பழங்கால நாகரிகங்களைப் பற்றிய பாடநூல்களிலும் ஆய்வுகளிலும் ‘ஆற்றங்கரை நாகரிகம்’ என்பது ஒரு வகைப்பெயராக நிலைபெற்றுள்ளது. டைகிரிஸ் – யூப்ரடீஸ், நைல், சிந்து, மஞ்சள் ஆறு ஆகியவற்றின் கரைகளில் தழைத்த பண்பாடுகள் இப்பெயரின்கீழ் ஒருங்கே வைக்கப்படுகின்றன. இப்பெயர் இடத்தை மட்டும் சுட்டுவதில்லை. ஆறு பாசனத்தையும், பாசனம் உபரியையும், உபரி அரசையும் நகரத்தையும் தோற்றுவித்தன என்னும் காரணத் தொடரையும் அது உட்கொண்டுள்ளது. இத்தொடர் சிந்துவெளிச் சான்றுகளுக்கு எந்த அளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

இரு அடிப்படைக் கருத்தாக்கங்கள்

கார்டன் சைல்டு 1950இல் ‘நகரப் புரட்சி’ என்னும் கட்டுரையில் தொல்நகரங்களுக்குரிய பத்துக் கூறுகளை வகுத்தார். மக்கள்தொகைப் பெருக்கம், முழுநேரக் கைவினைஞர், உபரித் திரட்டு, பெருங்கட்டடங்கள், ஆளும் வகுப்பு, எழுத்து முதலியன அவற்றுள் அடங்கும். கார்ல் விட்ஃபோகல் 1957இல் வெளியிட்ட ‘கீழைச் சர்வாதிகாரம்’ என்னும் நூலில், பெரும் நீர்ப்பணிகளுக்குத் தேவைப்பட்ட உழைப்பு ஒருங்கிணைப்பே அதிகார வர்க்கத்தையும் வல்லாட்சியையும் வளர்த்தது என வாதிட்டார்.

விட்ஃபோகலின் கருத்து அதன் தாயகமாகக் கருதப்பட்ட நிலப்பகுதிகளிலேயே வலுவிழந்தது. மெசொப்பொத்தேமியாவில் தொடக்ககாலப் பாசனம் சிறிய அளவினது என்றும், பெருங்கால்வாய்கள் அரசு தோன்றிய பின்னரே விரிவடைந்தன என்றும் இராபர்ட் ஆடம்சு காட்டினார். எகிப்தில் வெள்ளநீர்ப் பாசனம் பெரும்பாலும் உள்ளூர் அளவில் நிர்வகிக்கப்பட்டதைக் கார்ல் புட்சர் 1976இல் நிறுவினார்.

சிந்துவெளிச் சான்றுகள்

சிந்துவெளியின் முதிர்நிலைக் காலம் ஏறத்தாழ கி.மு. 2600 – 1900. மைய அரசு அமைத்த பெருங்கால்வாய் வலையமைப்புக்கு இங்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. மாறாக, நீர் மேலாண்மை நகரத்துக்குள்ளேயே சிறந்து விளங்குகிறது. மொகஞ்சதாரோவில் 700 கிணறுகள் வரை இருந்திருக்கலாம் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. வீடுதோறும் தொடர்ந்த வடிகால்களும் பெருங்குளமும் இதனோடு எண்ணத்தக்கவை. கட்ச் பகுதியின் தோலாவிரா எந்தப் பேராற்றின் கரையிலும் இல்லை. மன்சர், மன்கர் என்னும் இரு பருவகால ஓடைகளின் நீரைத் தேக்கியே அந்நகரம் வாழ்ந்தது. அதனை ‘ஆற்றங்கரை’ என்னும் வகைப்பெயரில் அடக்குதல் அரிது.

ஆட்சியமைப்பிலும் இதே இடர்ப்பாடு உண்டு. 1:2:4 என்னும் செங்கல் விகிதமும் சீரான எடைக்கற்களும் பரந்த பரப்பில் வழங்கின. எனினும் ஐயத்துக்கிடமற்ற அரண்மனையோ அரச கல்லறையோ அறியப்படவில்லை.

பெயரிடலும் முன்முடிவும்

சான்று இல்லாத இடத்தைக் கருத்தாக்கம் பெயர்களால் நிரப்பியுள்ளது. மொகஞ்சதாரோவில் கிடைத்த, 17.5 செ.மீ. உயரமுள்ள சிற்பம் ‘மதகுரு-அரசன்’ எனப்பட்டது. அது ஆள்வோனின் உருவம் என்பதற்குத் தனிச்சான்று இல்லை. அங்குள்ள பெருங்கட்டடம் ஒன்றை மார்ட்டிமர் வீலர் ‘தானியக் களஞ்சியம்’ என்றார். அதில் தானியச் சான்று இல்லாமையைப் பின்வந்தோர் சுட்டிக்காட்டினர். உபரியைத் திரட்டும் அரசு இருந்தாக வேண்டும் என்னும் எதிர்பார்ப்பே இப்பெயர்களுக்குத் துணைநின்றது. பின்னர் இப்பெயர்களே அவ்வரசுக்குச் சான்றாகக் காட்டப்பட்டன. இது வட்டவாதம்.

எனினும், ஆள்வோரே இல்லை என முடிவுகட்டுவதும் மறுமுனைப் பிழையாகும். மொகஞ்சதாரோவின் பெரும்பகுதி இன்னும் அகழப்படவில்லை. அரப்பாவின் செங்கற்கள் 19ஆம் நூற்றாண்டில் இருப்புப்பாதைப் பணிக்குப் பெயர்த்தெடுக்கப்பட்டன. எழுத்துகள் ஏற்கத்தக்க வகையில் படித்தறியப்படவும் இல்லை.

முடிவுரை

சைல்டின் கூறுகள் ஒப்பீட்டு வினாக்களாகப் பயன்படும்; அளவுகோலாகக் கொண்டால் சிந்துவெளி எப்போதும் ‘குறையுடைய மெசொப்பொத்தேமியா’வாகவே தோன்றும். நீர், நகரம், அதிகாரம் ஆகிய மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று தாமாகத் தோன்றுவன அல்ல. அவற்றைத் தனித்தனியே ஆராய்ந்து, பின்னரே அவற்றிடையேயான உறவை நிறுவுதல் வேண்டும். ‘ஆற்றங்கரை நாகரிகம்’ என்பதை நிலவியல் விளக்கமாக மட்டும் கையாண்டு, காரண விளக்கமாகக் கொள்ளாதிருத்தலே ஆய்வுக்கு நலம் பயக்கும்.