மேடு பள்ளமான ஒரு வீடு

மிதித்தே பார்க்காத ஒரு தரையைப் பற்றி எழுதப்போகிறேன். உள்ளங்காலால் பார்க்கவேண்டிய படைப்பைப் புகைப்படங்களிலும் ஓர் ஆவணப்படத்திலும் பார்த்துவிட்டு விமர்சனம் எழுதுவது கொஞ்சம் அபத்தம்தான். ஆனாலும் ஆச்சி விழுந்ததிலிருந்து இந்த வீடு என்னை விடமாட்டேங்குது.

டோக்கியோவை ஒட்டிய மிடாகாவில் 2005இல் கட்டி முடித்த ஒன்பது குடியிருப்புகள். செய்தவர்கள் ஷுசாகு அரகாவா, மேடலின் கின்ஸ் தம்பதி. அவர் நகோயாவில் 1936இல் பிறந்து, 1961இல் நியூயார்க் போன ஓவியர். இவர் கவிஞர். 'விதியைத் திருப்பும் வீடுகள்' என்பதுபோலப் பெயர் வைத்து, ஹெலன் கெல்லர் நினைவுக்குச் சமர்ப்பித்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் உருளையும் கோளமும் கனசதுரமும் அடுக்கிப் பதினாலு நிறம் அடித்த விளையாட்டுச் சாமான்.

விஷயம் உள்ளேதான். வீட்டின் நடுவில் பள்ளத்துக்குள் அடுக்களை. அதைச் சுற்றிச் சரிவாக, ஆற்றுமணல் காய்ந்து இறுகியதுபோல மேடும் குழியுமாகத் தரை. ஓர் அறை உருண்டை. அதில் சுவர் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று சொல்லமுடியாது. பீரோ வைக்க இடமில்லை, கூரைக் கொக்கிகளில் சாமான்களைத் தொங்கவிடவேண்டும்.

அவர்கள் வாதம் இது: சமதரை உடம்பைத் தூங்கவைக்கிறது. ஒவ்வோர் அடியையும் பார்த்து வைத்தால் உடம்பு விழிக்கும். அப்படி விழித்த உடம்புக்குச் சாவு கட்டாயமில்லை. உவமையாகச் சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னார்கள். அரகாவா 2010இல் இறந்தார், கின்ஸ் 2014இல். இதை வைத்துக் கிண்டலடிப்பது ரொம்பச் சுலபம். எனக்கு அதில் ஆர்வமில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. ஆச்சி அறுபது வருஷம் இருந்த ஊர்வீட்டில் சமமான இடமென்று எதுவும் கிடையாது. திண்ணையிலிருந்து படி, முழங்கால் உயர நிலைப்படி, குனிஞ்சு நுழையிற கதவு, முற்றத்துக்கு இறக்கம், அடுக்களைக்கு ஏற்றம். கரண்ட் போன ராத்திரியில் கையில் குழம்புச் சட்டியோடு நடப்பாள். சென்னைக்குக் கூட்டிவந்தோம். பளபளன்னு டைல்ஸ். "ஏல, தரை வழவழன்னு கெடக்கு, காலு நிக்கமாட்டேங்கு" என்றாள். சிரித்தோம். மூன்றாம் மாசம் பாத்ரூம் வாசலில் விழுந்து இடுப்பெலும்பு போச்சு.

அப்போ அரகாவா ஜெயித்துவிட்டாரா? பாதிதான். ஆச்சியின் கால் யோசித்து நடக்கவில்லை. நிலைப்படி வந்தால் தானாகத் தூக்கிக்கொண்டது. அவர்கள் தூக்கம் என்று சொல்லும் பழக்கம்தான் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. மிடாகா வீட்டில் பத்து வருஷம் இருப்பவருக்கும் அந்த மேடுகள் மனப்பாடமாகியிருக்கும். நோபு யமாஒகா 2010இல் எடுத்த ஆவணப்படத்தில் எனக்குப் பிடித்தது அங்கே குடியிருப்பவர்கள்தான். வந்து வியக்கும் விருந்தாளி இல்லை. ஒரு நாள் தங்கிப்போகிறவருக்கு அது கலை அனுபவம். குடியிருப்பவருக்கு, அந்தத் தரை மறந்துபோகிற நாளில்தான் வீடு தொடங்குகிறது. இதை அவர்களுடைய கோட்பாடு கணக்கில் எடுக்கவில்லை என்பது என் குறை.

இன்னொன்று, அந்த நிறங்கள். பார்வையில்லாத ஒருவருக்குச் சமர்ப்பித்த வீடு, உலகம் முழுக்கப் பரவியது அதன் நிறத்தால். கண்ணைக் கூப்பிட்டுக் கூப்பிட்டே காலைப் பற்றிப் பேசுகிறது. நானே அப்படித்தான் மாட்டினேன். பள்ளத்து அடுக்களை மட்டும் மிச்சமிருந்தால்கூட எனக்கு அது பெரிய படைப்புதான்: சமைப்பவர் கீழே, மற்றவர்கள் சுற்றிலும் மேட்டில் உட்கார்ந்திருக்க, யாரும் யாரையும் பார்க்காமல் கடக்கமுடியாது.

ஆபரேஷன் முடிந்து வாக்கரோடு ஆச்சி ஊருக்கே திரும்பினாள். அதே நிலைப்படி இப்போ மதில்சுவர் மாதிரி நின்றது. ஆசாரியைக் கூப்பிட்டு அறுத்துவிடலாம் என்றார் சித்தப்பா. ஆச்சி ஒண்ணும் சொல்லவில்லை. வாக்கரை ஓரமாகத் தள்ளிவிட்டு, நிலையில் கைபட்டுக் கைபட்டுக் குழிந்திருந்த இடத்தைத் தடவிப் பிடித்தாள். வலது காலைத் தூக்கினாள். பாதி உயரம்தான் வந்தது. அப்படியே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். நாங்கள் யாரும் பக்கத்தில் போகவில்லை.